விடியற்காலை ஐந்து மணி ஆட்டம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்கன் ஃபுட்போல் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். 32 அணிகள் கொண்ட என்.எஃப்.எல். லீக்கில், வோஷிங்டன் அணி 2023இல் 605 கோடி டொலருக்குக் கை மாறியது. அதே நேரம் தலையில் அடிபடும் என்ற பயத்தில் பெற்றோர் பலர் பிள்ளைகளை அந்த ஆட்டத்துக்கு விடத் தயங்குகிறார்கள் என்பதுதான் செய்தி. திருகோணமலைப் பக்கத்திலிருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் விடுதியில் தங்கும் அமெரிக்கர்கள் இரவில் ரீவி வேண்டும், விடியற்காலை இன்டர்நெட் வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த ஆட்டம் எங்கள் நேரத்துக்கு எப்போது நடக்கும்?
– விடுதி ஊழியர், உப்புவெளி

பதில்: பருவம் செப்டெம்பரில் தொடங்கிப் பெப்ரவரி நடுப்பகுதியில் முடியும். நம் கடற்கரையில் கூட்டம் கலைந்து கதிரைகளை அடுக்கும் காலத்தில்தான் அங்கே களை கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டங்கள் நமக்கு ஞாயிறு இரவு 10.30க்கு. பிற்பகல் ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டி 2 மணியை ஒட்டி. ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50க்கு. லண்டனில் நடக்கும் ஆட்டங்கள்தான் வசதி: ஒக்டோபரில் மாலை 7 மணி.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மேற்சொன்ன அமெரிக்க நேரங்கள் எல்லாவற்றோடும் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். 10.30 ஆட்டம் 11.30 ஆகிவிடும். இறுதியாட்டமான சுப்பர் போல், பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு அவர்களுக்கு மாலை. நமக்குத் திங்கள் காலை சரியாக 5 மணி. முடிய எட்டரை, ஒன்பது ஆகும். காலைச் சாப்பாட்டை அதற்கேற்ப வையுங்கள்.

எச்.டி. தரத்தில் ஓடவிட்டால் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும், ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஜி.பி. என்று கணக்கு வையுங்கள். வெளிநாட்டுப் பார்வையாளருக்கான கேம் பாஸ் சந்தாவை 2023 முதல் டாஸோன் நடத்துகிறது. விருந்தினர் தன் சந்தாவைத் தன் அறையில் பார்ப்பது அவர் பாடு. அதே சந்தாவை எடுத்து விடுதி மண்டபத்தில் பெரிய திரை கட்டிக் காட்டுவது வேறு விடயம். தனிநபர் சந்தாவில் அந்த உரிமை இல்லை.

கேள்வி: ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவது 17 ஆட்டம்தானாம். வருடம் முழுக்க ஆடும் கிரிக்கெட்டை விட இதற்கு எப்படி இவ்வளவு காசு?
– உயர்தர வணிகப் பிரிவு மாணவி, உவர்மலை

பதில்: குறைவாக ஆடுவதுதான் காசு. ஒவ்வோர் ஆட்டமும் கணக்கில் வருவதால் தவறவிட மனம் வராது. மூன்று மணித்தியாலம் தாண்டும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஓடும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடம். மீதி நேரத்தில் வீரர்கள் கூடிப் பேசுவார்கள், வரிசைக்கு வருவார்கள். விளம்பரக்காரனுக்கு இதை விட நல்ல சந்தை கிடையாது. 2025 சுப்பர் போலை அமெரிக்காவில் சராசரியாக 12 கோடி 77 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் 30 விநாடி விளம்பரம் 80 லட்சம் டொலர் வரை போனது.

நீங்கள் வணிகம் படிப்பதால் உள்ளே ஒரு படி போவோம். 1961இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அணிகள் ஒன்றாகக் கூடித் தொலைக்காட்சி உரிமையை ஒரே பொதியாக விற்கலாம், அது போட்டிச் சட்டத்தை மீறுவதாகாது என்பது அதன் சாரம். அப்போதைய ஆணையாளர் பீற் றொசெல், பெரிய நகரத்து உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்து, வந்த பணத்தைச் சமமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அதே பொதுப் பானைதான். நியூயோர்க் அணிக்கு ஓர் அகப்பை என்றால், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் கிறீன் பே நகரத்து அணிக்கும் அதே அகப்பை.

கிறீன் பே அணிக்குத் தனி முதலாளி இல்லை. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். (பங்கை விற்கவும் முடியாது, பங்கிலாபமும் கிடையாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும்.) அதனால் அது மட்டும் ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறது, மற்ற 31 அணிகளின் பானையையும் அதன் வழியே எட்டிப் பார்க்கலாம். 2024 பருவத்துக்குப் பொதுப் பானையிலிருந்து ஓர் அணிக்குக் கிடைத்தது 43.26 கோடி டொலர். அந்தப் பருவத்தில் ஓர் அணி வீரர் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 25.54 கோடி. கழித்துப் பாருங்கள். ஒரு டிக்கெட் விற்குமுன், ஒரு பனிஸ் விற்குமுன், 17 கோடிக்கு மேல் கையில். வீரர்களின் ஓய்வூதியம், காப்புறுதி, பயிற்றுநர் சம்பளம் எல்லாம் இதற்குப் பிறகுதான் வரும் என்றாலும், நட்டப்படுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2023 முதல் 2033 வரை, மொத்தம் 11,000 கோடி டொலர் அளவில். ஆனால் பெரும்பாலானவற்றிலிருந்து 2029 பருவத்துக்குப் பின் விலகிக்கொள்ள லீக்குக்கு உரிமை உண்டு. விலை ஏறியிருந்தால் விலகாமல் இருப்பார்களா? வியாழன் ஆட்டங்கள் 2022இல் அமேசனுக்குப் போயின. வெளியூர் அணிகளின் ஆட்டங்களைத் தரும் ஞாயிறுப் பொதி 2023இல் யூரியூப்புக்கு. கிறிஸ்மஸ் ஆட்டங்கள் 2024இல் நெட்ஃபிளிக்ஸுக்கு. வாங்க வருபவன் கூடக் கூட விற்பவனுக்குக் கொண்டாட்டம். ரசிகனுக்குத்தான் நாலு இடத்தில் சந்தா. என்.எஃப்.எல். கவனிக்க வேண்டிய ஆபத்து இதுதான்: இலவசமாக அன்ரெனாவில் பார்த்துப் பழகிய தலைமுறைதான் அதை வளர்த்தது.

கேள்வி: கடைசி இடத்துக்கு வரும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படுமா?
– உதைபந்தாட்ட ரசிகர், சீனக்குடா

பதில்: கீழ்ப் பிரிவே கிடையாது. கடைசி அணிக்குப் பரிசுதான்: அடுத்த ஆண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் இளம் வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இங்கிலாந்து லீக்கில் பழகிய கண்ணுக்கு இது அநியாயமாகத் தெரியும். தோற்றவன் எழும்பாவிட்டால் பொதுப் பானையின் விலை விழும் என்பது அவர்கள் கணக்கு.

கேள்வி: இவ்வளவு லாபம் என்றால் போட்டிக்கு இன்னொரு லீக்கை யாராவது தொடங்கி இதை விழுத்த முடியாதா?
– கடை உரிமையாளர், திருகோணமலை நகர்

பதில்: பலர் தொடங்கினார்கள். 1983இல் வந்த யூ.எஸ்.எஃப்.எல். மூன்று பருவம் ஆடியது. அதில் ஓர் அணியின் முதலாளி டொனால்ட் ட்ரம்ப். என்.எஃப்.எல். ஏகபோகம் நடத்துகிறது என்று வழக்குப் போட்டு 1986இல் வென்றும் விட்டார்கள். நடுவர் குழு கொடுத்த நட்டஈடு 1 டொலர். சட்டப்படி மூன்று மடங்காக்கி 3 டொலர். எக்ஸ்.எஃப்.எல். 2001இல் ஒரே பருவத்தில் படுத்தது. ஏ.ஏ.எஃப். 2019இல் பருவத்தை முடிக்கவே இல்லை. மறுபடி எழுந்த எக்ஸ்.எஃப்.எல்.லும் புதிய யூ.எஸ்.எஃப்.எல்.லும் 2024இல் ஒன்றிணைந்து யூ.எஃப்.எல். என்று வசந்த காலத்தில் ஆடுகின்றன.

ஏன் தோற்கிறார்கள்? இந்த ஆட்டத்தை மலிவாகத் தொடங்க முடியாது. ஓர் அணிக்கு ஐம்பது வீரர், அரை டசினுக்கு மேல் பயிற்றுநர், மைதான வாடகை, விமானம், முக்கியமாகக் காயக் காப்புறுதி என்று முதல் வாரத்திலிருந்தே செலவு. தொலைக்காட்சிப் பணமோ மூன்று நாலு ஆண்டு பார்வையாளரைக் காட்டிய பிறகுதான் வரும். அந்த இடைவெளியைத் தாண்ட எவர் பையும் போதவில்லை. உங்கள் கடைக்கு எதிரே ஒருவர் புதுக்கடை போட்டு, மூன்று வருடம் ஒரு சதமும் வராமல் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தால் எப்படியோ, அப்படி.

வெளியிலிருந்து யாரும் விழுத்தப் போவதில்லை. உள்ளேதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: உள்ளே என்ன சிக்கல்? 18ஆவது ஆட்டத்தைக் கூட்டப் போகிறார்கள் என்று படித்தேன். வீரர்களுக்கும் கூடக் காசு வருமே, ஏன் எதிர்க்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற அரச ஊழியர், சாம்பல்தீவு

பதில்: 1978 முதல் 16 ஆட்டம், 2021இலிருந்து 17. பதினெட்டானால் மொத்த ஆட்டங்கள் 272இலிருந்து 288 ஆகும். புதிதாக விற்க 16 ஆட்டம். தொலைக்காட்சி, டிக்கெட் எல்லாம் சேர்த்து. வருமானத்தில் ஏறத்தாழ 48 வீதம் வீரர்களுக்கு என்று 2020 தொழிலுடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. ஆகவே அவர்களுக்கும் கூடும் என்பது சரிதான்.

ஆனால் யாருக்குக் கூடும்? வீரர்களின் தொழில்வாழ்வு சராசரி 3.3 ஆண்டு என்பது அவர்கள் சங்கத்தின் கணக்கு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுத்தொகைக்கும் உத்தரவாதம் இல்லை; தாளில் நாலு வருடம் இருந்தாலும் காயப்பட்டு வேகம் குறைந்தால் இரண்டாம் வருடமே அனுப்பிவிடலாம். 2022இல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) ஒருவர் 23 கோடி டொலருக்கு முழு உத்தரவாதத்தோடு கையெழுத்திட்டபோது, மற்ற முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான். புதிதாக வரும் வீரரின் அடிமட்டச் சம்பளம் 2025இல் 8 லட்சத்து 40 ஆயிரம் டொலர். நமக்குப் பெரிய தொகை. ஆனால் அவரை மூன்று வருடத்தில் வீட்டுக்கு அனுப்புவது அந்தப் பதினெட்டாவது ஆட்டத்தின் கடைசிக் கால்மணியில் முறியும் முழங்காலாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. இன்று வாக்களிக்கும் வீரரில் பாதிப்பேர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது ஆட்டத்திலேயே இருக்க மாட்டார்கள். ஆகவே சங்கம் நெடுங்கால நன்மையைக் கேட்கும்போது உறுப்பினர் உடனடிக் காசைக் கேட்பார்கள். முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

உடன்படிக்கை 2030 பருவத்தோடு முடிகிறது. ஒளிபரப்பு ஒப்பந்தங்களிலிருந்து விலகும் கதவு 2029இல் திறக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் 18 ஆட்டம் இருந்தால்தான் தொலைக்காட்சியிடம் பெரிய விலை கேட்கலாம்; 18க்கு வீரர் சங்கம் தலையாட்ட வேண்டும். ஆகவே சங்கத்துக்கு அதிகப் பிடி இருக்கும் காலம் அதற்கு முந்திய வருடங்கள்தான். எங்கள் ஊகம்: 18 வரும். விலையாக இரண்டாவது ஓய்வு வாரம், 53 பேர் பட்டியலை நீட்டுதல், பயிற்சி ஆட்டங்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தல் ஆகியவற்றைச் சங்கம் கேட்கும். முதலாளிகள் 2024இலேயே தனியார் முதலீட்டு நிதியங்களுக்கு ஓர் அணியில் 10 வீதம் வரை விற்க அனுமதித்துவிட்டார்கள். அப்படி உள்ளே வரும் பணம் வளர்ச்சியைக் கேட்காமல் இருக்காது.

கேள்வி: என் மகன் கனடாவில் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். பள்ளி அணியில் இந்த ஆட்டம் ஆடப் போகிறானாம். தலைக்கவசம் போடுவதால் பயமில்லை என்கிறான். உண்மையா?
– தாய் ஒருவர், மூதூர்

பதில்: அம்மா, தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். மூளையை முழுதாகக் காக்காது. உங்கள் ஊர்த் தயிர்ச்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் பொதிந்து மோட்டார் சைக்கிளில் கட்டினால் சட்டி உடையாது. பள்ளத்தில் நாலு தரம் தூக்கிப் போட்டால் சட்டி முழுசாக இருக்கும், தயிர் கலங்கித் தண்ணீர் விட்டிருக்கும். மூளையும் நீருக்குள் மிதப்பதுதான். தலை திடீரென்று நிற்கும்போதோ சுழலும்போதோ அது உள்ளே அசையும், நரம்பிழைகள் இழுபடும்.

பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்ரர் 2002இல் இறந்தபோது, நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பெனற் ஒமாலு அவர் மூளையில் சி.ரி.ஈ. என்னும் சிதைவைக் கண்டு 2005இல் வெளியிட்டார். பொஸ்ரன் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் என்.எஃப்.எல். வீரர் 111 பேரின் மூளைகளில் 110இல் அது இருந்தது. இந்த எண்ணைப் பார்த்து ‘ஆடுகிற எல்லோருக்கும் வரும்’ என்று எடுக்கக்கூடாது. ஏற்கெனவே மறதி, கோபம், தடுமாற்றம் தெரிந்த குடும்பங்கள்தாம் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. ஆனால் ஒன்று உறுதி: மயங்கி விழும் பெரிய அடி மட்டுமல்ல, வெளியே தெரியாத சின்ன அடிகள் வருடக்கணக்காகச் சேர்வதும் காரணம். இறந்த பிறகே இந்நோயை உறுதிப்படுத்த முடியும் என்பதால் ‘ஸ்கான் எடுத்தோம், ஒன்றுமில்லை’ என்பது ஆறுதலாகாது.

மகனிடம் கேட்கச் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை பயிற்சியில் முழு மோதல் வைக்கிறார்கள்? அடிகளில் பெரும்பகுதி போட்டியில் இல்லை, பயிற்சியில்தான். தலையில் அடிபட்டால் அன்றைக்கே திரும்ப இறக்குவார்களா? இறக்குவோம் என்று பதில் வந்தால் அந்த அணி வேண்டாம். தலைக்கவசம் அவன் தலைக்கு அளந்ததா, பழையதைத் தூக்கிக் கொடுத்ததா? தாடைப்பட்டியைக் கட்டிக்கொண்டு கவசத்தை இரு கையாலும் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். கவசம் மட்டும் தனியே சுற்றினால் பெரிது. அடிபட்ட பின் தலையிடி, வெளிச்சம் பொறுக்காமை, வாந்தி, கேட்டதையே கேட்டல் இருந்தால் விளையாட்டு நிறுத்தம், மருத்துவர். வாந்தி நிற்காமலோ தூக்கம் தெளியாமலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: நாங்கள் ரக்பி ஆடுபவர்கள். கவசம் போட்டு மோதுவதை விட விதியை மாற்றுவது நல்லதல்லவா? அவர்கள் ஏதாவது செய்கிறார்களா?
– ரக்பி வீரர், திருகோணமலை

பதில்: செய்கிறார்கள். மிகச் சுவையான மாற்றம் கிக்ஓஃப்பில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையில். முன்பு பந்தை உதைக்கும் அணியின் பத்துப் பேர் நாற்பது, ஐம்பது மீற்றர் முழு வேகத்தில் ஓடி வந்து எதிரணியில் மோதுவார்கள். ஆட்டத்திலேயே ஆபத்தான நொடி அது. 2024இலிருந்து உதைப்பவர் மட்டும் தன் பக்கத்து 35 யார்ட் கோட்டில். மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்ட் கோட்டிலேயே போய் நிற்பார்கள். அவர்களுக்கு ஐந்து யார்ட் முன்னால் எதிரணி வரிசை. பந்து ‘இறங்கு பகுதி’யில், அதாவது கோல் கோட்டுக்கும் 20 யார்ட் கோட்டுக்கும் இடையில், நிலத்தையோ வீரரையோ தொடும்வரை இரு வரிசையும் அசையக்கூடாது. ஓட்டத் தூரம் போய்விட்டது, வேகமும் போய்விட்டது. மோதல் இருக்கிறது, ஆனால் உங்கள் ஸ்க்ரம் மாதிரி கிட்ட நின்று தள்ளும் மோதல்.

முதல் வருடம் ஒரு பிழை விட்டார்கள். பந்தை நேரே கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள கடைசிப் பகுதிக்குள் உதைத்து எதிரணி அங்கேயே வைத்துக்கொண்டால் ஆட்டம் அந்த எதிரணியின் 30 யார்ட் கோட்டில் தொடங்கும் என்று வைத்தார்கள். அணிகள் ‘ஓடவிட்டு வம்பை வாங்குவதை விட 30ஐக் கொடுத்துவிடலாம்’ என்று உதைத்துத் தள்ளின. 2025இல் அதை 35 ஆக்கினார்கள். ஐந்து யார்ட்தான், பயிற்றுநர்களின் கணக்கு புரண்டது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வெகுவாகக் கூடியது. விதி எழுதுபவர்கள் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய பாடம்.

2023இல் 219 ஆக இருந்த மூளை அதிர்ச்சிக் காயங்கள் 2024இல் 182. 2015இல் எண்ணத் தொடங்கிய பிறகு அதுவரை அதுதான் குறைவு. பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து உடல் பாரத்தைக் காலில் போடும் பிடியையும் 2024இல் தடுத்தார்கள். பயிற்சியில் தலைக்கவசத்துக்கு மேல் மெத்தை உறை போடுவது 2022இல் சில இடத்து வீரர்களுக்குக் கட்டாயமானது.

இந்த ஆட்டத்துக்கு இது புதிதல்ல. 1905இல் மாணவர்கள் தொடர்ந்து இறந்தபோது ஜனாதிபதி றூஸ்வெல்ற் பல்கலைக்கழகங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தது. இன்று தொலைக்காட்சி விற்பதே அந்த எறிதலைத்தான்.

கேள்வி: கையால் எறிகிற ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர்?
– மாணவன், நிலாவெளி

பதில்: ரக்பி ஃபுட்போலின் பிள்ளை. அப்பன் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: இலங்கையில் இந்த ஆட்டம் எப்போதாவது நடந்ததா? இனி வருமா?
– வாசகர், கந்தளாய்

பதில்: நடந்தது. 2012இல் இந்தியாவின் எலீட் ஃபுட்போல் லீக் தன் முதற்பருவ ஆட்டங்களைக் கொழும்பு சுகததாச அரங்கில் வைத்தது. கொழும்பு லயன்ஸ் என்று ஓர் அணியும் இருந்தது. தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்த ஆட்டங்கள். வேர் பிடிக்கவில்லை. பள்ளியில் ஆடாத ஆட்டத்தை மேலிருந்து நட்டால் எங்கே பிடிக்கும்? நல்ல தலைக்கவசம் ஒன்றே சில நூறு டொலர், அதையும் தோள்கவசத்தையும் நம் வெயிலில் மாட்டி ஓடுவது இன்னொரு தண்டனை.

என்.எஃப்.எல். தன் ஆட்டங்களை வெளியே கொண்டுபோவது உண்மை: லண்டன் 2007, மியூனிக் 2022, சாவோ பாவ்லோ 2024, டப்ளினும் மட்ரிட்டும் 2025. 2026 பருவத்துக்கு மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தையே அறிவித்தார்கள். முரளியை நோ போல் சொன்ன அதே மைதானம். ஆனால் நம் பக்கத்துக்கு வரக்கூடியது கவசம் போட்ட ஆட்டமல்ல, அடுத்த கேள்வியில் இருப்பது.

கேள்வி: 2028 ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்போல் வருகிறதாம். பெண்பிள்ளைகளுக்கும் உண்டாம். எங்கள் பாடசாலையில் தொடங்க என்ன வேண்டும்?
– உடற்கல்வி ஆசிரியை, கிண்ணியா

பதில்: 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, கிரிக்கெட்டையும் இதையும் ஒரே தீர்மானத்தில் லொஸ் ஏஞ்சலிஸுக்குச் சேர்த்தது. ஆண்களில் 6 அணி, பெண்களில் 6 அணி. 2025 மே மாதம் என்.எஃப்.எல். முதலாளிகள் தம் வீரர்களை அதற்கு விடவும் சம்மதித்தார்கள். அன்பினால் அல்ல. மோதல் இல்லாத ஆட்டம் என்றால் தாய்மார் விடுவார்கள், பெண்கள் வருவார்கள், கவசம் வாங்க முடியாத நாடுகள் வரும். நாளைய பார்வையாளரை இப்படித்தான் வளர்க்கப் போகிறார்கள்.

ஆட்டம் இதுதான். ஐவருக்கு ஐவர். பந்து வைத்திருப்பவரை விழுத்தக் கூடாது. இடுப்புப் பட்டியில் இருபக்கமும் தொங்கும் கொடிகளில் ஒன்றை உருவினால் ஓட்டம் நின்றது. தன் கோட்டிலிருந்து 5 யார்ட்டில் தொடங்கி, நாலு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் கடைசிக் கோட்டுக்கு இன்னும் நாலு முயற்சி. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவதுதான் டச்டவுன், அதற்கு 6 புள்ளி. பின் 5 யார்ட்டிலிருந்து ஒரு புள்ளிக்கோ 10 யார்ட்டிலிருந்து இரண்டு புள்ளிக்கோ ஒரு முயற்சி. உதையே கிடையாது. பந்து நிலத்தில் விழுந்தால் செத்த பந்து. அதன் மேல் விழுந்து குவிய வேண்டியதில்லை. எறிபவரை நோக்கி ஓடிவரும் எதிரணிக்காரர் 7 யார்ட் பின்னாலிருந்துதான் புறப்படலாம். பாதி 20 நிமிடமாக இரண்டு பாதி.

மைதானம்: 50 யார்ட் நீளம், 25 யார்ட் அகலம், இருபக்கமும் 10 யார்ட் கடைசிப் பகுதி. மீற்றரில் மொத்தம் 64க்கு 23. உங்கள் உதைபந்து மைதானத்தின் குறுக்கே போட்டால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று களம் வரும். இடம் போதாவிட்டால் நடுப்பகுதியை 40 மீற்றராகவும் கடைசிப் பகுதியை 7 மீற்றராகவும் குறையுங்கள். அகலத்தை மட்டும் குறைக்க வேண்டாம், குறைத்தால் ஓட இடமின்றி மோதல் வரும். ஆடுமுன் வரிசையாக நடந்து நெருஞ்சி முள்ளும் கல்லும் பொறுக்குங்கள். எல்லைக்கு மணல் நிரப்பிய போத்தல் வைக்காதீர்கள், கால் பிரளும். தட்டையான டயர்த் துண்டு போதும்.

கொடி: வாங்கினால் இழுக்கும்போது ‘டொப்’ என்று கழலும் வகை நல்லது, சத்தமே நடுவருக்குச் சாட்சி. தைப்பதென்றால் தையற்கடையில் நாடாப் பட்டியும் வெல்குரோவும். கொடி முக்கால் முழத்துக்குச் சற்று மேல், மூன்று விரல் அகலம், காற்சட்டை நிறத்துக்கு எதிர் நிறம். தவறுவது எங்கே தெரியுமா? கழலக்கூடாது என்று பிள்ளைகள் கொடியை முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இழுப்பவரின் விரல் பிசகும், ஓடுபவர் இடுப்போடு விழுவார். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் கண்ணால் பாருங்கள். மேற்சட்டை கொடியை மூடக்கூடாது, உள்ளே செருகச் சொல்லுங்கள். பை வைத்த காற்சட்டை வேண்டாம், விரல் மாட்டும்.

பந்து: 12 – 14 வயதுக்கு ‘யூத்’ அளவு, அதற்குக் கீழே ‘ஜூனியர்’. நாலு பேருக்கு ஒன்று. பெரிய பந்தைக் கொடுத்தால் சின்னக் கை உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கும், பிறகு அந்தப் பழக்கம் போகாது. பிடி இப்படி: மோதிர விரலும் சுண்டு விரலும் தையல்மேல், சுட்டு விரல் முனைக்குக் கிட்ட, பெருவிரல் அடியில், உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். முழங்கை தோளுக்குக் கீழே போகாமல் எறிந்து, கடைசியாகச் சுட்டு விரல் பந்தை விட வேண்டும். முடிவில் பெருவிரல் நிலத்தைப் பார்த்தால் பந்து சுழன்று போகும். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் பவுண்டரியிலிருந்து எறிவதுபோல் கையைப் பக்கவாட்டில் வீசுவார்கள், பந்து ஆடி ஆடிப் போகும். ஒரு முழங்காலில் நிற்க வைத்து 5 மீற்றரிலிருந்து எறிய விடுங்கள். கால் இல்லாவிட்டால் கை திருந்தும். பிடிப்பதற்கு, நெஞ்சுக்கு மேலே வந்தால் பெருவிரல்கள் சேர, இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டு விரல்கள் சேர.

முதல் மாதம் ஒரு மணித்தியாலத்தை இப்படிப் பிரிக்கலாம். பத்து நிமிடம் கிளித்தட்டு. சும்மா சொல்லவில்லை: தட்டில் நிற்பவரை ஏய்க்க இடுப்பை ஒருபக்கம் காட்டி மறுபக்கம் பாயும் அந்த வித்தைதான் இந்த ஆட்டத்தின் உயிர், அது நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கால்மணி எறிதல். கால்மணி மூன்று மீற்றர் அகல ஒழுங்கையில் ஒருவருக்கு ஒருவர் கொடி உருவுதல். கொடி உருவுபவர் முகத்தையோ பந்தையோ பார்த்தால் ஏமாறுவார், இடுப்பெலும்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு பொய் சொல்லாது. மீதி நேரம் ஆட்டம். ஓடுபவர் கொடியைக் கையால் மறைப்பதும் தாவி விழுவதும் முதல் நாளிலிருந்தே தண்டனை, தளர்த்த வேண்டாம்.

மோதல் இல்லை என்றாலும் தலை முட்டும். அநேகமாக ஒரே பந்துக்குப் பார்த்துக்கொண்டே ஓடும் இருவர்தான். ‘என் பந்து’ என்று கத்தப் பழக்குங்கள். பயிற்சியை மாலை நாலரைக்குப் பிறகு வையுங்கள்.

கேள்வி: அதை டச்சு விரிகுடாக் கடற்கரையில் ஆடலாமா?
– இளைஞர் கழக உறுப்பினர், திருகோணமலை

பதில்: ஆடலாம். உலர்ந்த மணலில் வேண்டாம், கால் புதைந்து கணுக்கால் சுளுக்கும். அலை வந்து போன ஈர விளிம்பில் களத்தை நீட்டிப் போடுங்கள். சிப்பியும் போத்தல் ஓடும் பொறுக்கிய பிறகு வெறுங்கால். தோல் பந்தை உப்புத்தண்ணீர் ஒரே நாளில் விறைக்க வைக்கும், ரப்பர்ப் பந்து கொண்டுபோய், முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப் போடுங்கள். வெல்குரோப் பட்டி வீட்டிலேயே இருக்கட்டும். மணல் ஏறினால் பிறகு ஒட்டவே ஒட்டாது.